ஃபாரா, சின்ஸா? தோட்டத்துக் கதையைப் பிழையில்லாத ஆங்கிலத்தில் எழுதுவோம்



நம்ம பேராக் மாநிலத்தில் பல பழைய தோட்டங்களில் இன்றைக்கு ஜனங்கள் இல்லை, கோயில் மட்டும் இருக்கிறது. பால்மரம் போய் செம்பனை வந்தது. லயங்கள் காலியாயின. குடும்பங்கள் சுங்கை சிப்புட் டவுனுக்கும், ஈப்போ புந்தோங்குக்கும், சிம்மோருக்கும், இன்னும் தூரமாகச் சிலாங்கூருக்கும் குடிபோய்விட்டன. ஆனாலும் வருஷத் திருவிழா வந்தால் எல்லாரும் காரைப் பிடித்துக்கொண்டு அதே கோயிலுக்குத் திரும்புகிறார்கள். ஒரு நாள் அந்த நிலம் கைமாறும். புதிதாக வாங்கிய கம்பெனிக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் போக வேண்டும். அன்றைக்குக் கோயில் தலைவர் யாரைத் தேடுவார்? "தம்பி, நீ படிச்ச புள்ள, ஒரு லெட்டர் எழுதிக் குடுப்பா" என்று உங்களைத்தான்.

அந்தக் கடிதத்தின் முதல் வரி, "இந்தக் கோயில் 1920லிருந்து இங்கே இருக்கிறது" என்று வைத்துக்கொள்வோம். இதை ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதிப் பார்ப்போம்.

அ. தி டெம்பல் ஈஸ் ஹியர் சின்ஸ் 1920.
ஆ. தி டெம்பல் வாஸ் ஹியர் இன் 1920.
இ. தி டெம்பல் ஹேஸ் பீன் ஹியர் சின்ஸ் 1920.

முதலாவது பிழை. இரண்டாவது இலக்கணப்படி சரிதான், ஆனால் 1920இல் கோயில் இருந்தது என்று மட்டும் சொல்கிறது. இன்றைக்கு இருக்கிறதா, இல்லையா என்பதைச் சொல்லவில்லை. படிக்கிறவர், "ஓஹோ, ஒரு காலத்தில் இருந்ததாம்" என்று நினைத்துக்கொள்ளலாம். மூன்றாவதுதான் நாம் சொல்ல வந்ததைச் சொல்கிறது: அன்றும் இருந்தது, நடுவில் விடாமல் இருந்தது, இன்றும் இருக்கிறது. நூறு வருஷத்து உரிமையை "ஹேஸ் பீன்", "சின்ஸ்" என்ற சின்னச் சொற்கள் தாங்கி நிற்கின்றன. இந்த மாதப் பாடம் இவற்றைப் பற்றித்தான்.

1. பெர்ஃபெக்ட் என்றால் என்ன?

"ஹேவ்" அல்லது "ஹேஸ்" போட்டு, அதன் பின்னால் வினையின் மூன்றாவது வடிவத்தைப் போட்டால் அது பிரசன்ட் பெர்ஃபெக்ட். "ஐ ஹேவ் ஈட்டன்", "ஷீ ஹேஸ் கான்", "தே ஹேவ் லிவ்ட்". பள்ளியில் இதை மனப்பாடம் செய்திருப்பீர்கள். "ஐ ஹேவ் வென்ட்" என்று எழுதாதீர்கள். "வென்ட்" இரண்டாவது வடிவம், மூன்றாவது "கான்".

தமிழ் தெரிந்தவனுக்கு இது ஒன்றும் புதுசு இல்லை. "வந்தேன்" வேறு, "வந்திருக்கேன்" வேறு என்று நாம் சின்னப் பிள்ளையிலேயே அறிவோம். "அண்ணன் வந்தார்" என்றால் வந்து போயும் இருக்கலாம். "அண்ணன் வந்திருக்கார்" என்றால் இப்போது வீட்டில் இருக்கிறார், தண்ணி கலக்கச் சொல்கிறோம் என்று அர்த்தம். முன்பு நடந்த செயலை இன்றைய நிலைமையோடு சேர்த்துக் கட்டுகிற வேலையை நம்ம "இரு" செய்கிறது. ஆங்கிலத்தில் அதைச் செய்வது "ஹேவ்".

ஆனால் இரண்டும் எல்லா இடத்திலும் ஒன்று அல்ல. இரண்டு இடத்தில் வித்தியாசப்படும், நாம் வழுக்கி விழுவது அங்கேதான்.

முதல் இடம்: "நேத்து வந்திருக்கான்" என்று தமிழில் தாராளமாகச் சொல்லலாம். வாசலில் செருப்புத் தடம் பார்த்து அப்படிச் சொல்வோம். ஆங்கிலத்தில் "ஹி ஹேஸ் கம் யெஸ்டர்டே" என்று சொல்லவே கூடாது. "ஹி கேம் யெஸ்டர்டே" என்றுதான் வர வேண்டும்.

இரண்டாவது இடம்: "பத்து வருஷமா ஈப்போவுல இருக்கேன்" என்கிறோம். தமிழ் வினை நிகழ்காலம். அதை அப்படியே தூக்கி ஆங்கிலத்தில் வைத்தால் "ஐ ஆம் லிவிங் இன் ஈப்போ" என்று ஆரம்பித்துவிடும். ஆங்கிலம் அந்த இடத்தில் பெர்ஃபெக்ட் கேட்கும்: "ஐ ஹேவ் லிவ்ட் இன் ஈப்போ ஃபார் டென் இயர்ஸ்."

மலாய் மொழி நம்மை இன்னொரு பக்கம் இழுக்கும். "சூடா மாக்கான்" என்பதில் வினை மாறுவதே இல்லை, "சூடா" ஒன்றே போதும். அந்தப் பழக்கத்தில்தான் "ஐ ஈட் ஆல்ரெடி" என்று பேசுகிறோம். கூட்டாளிகளோடு மாமாக் கடையில் பேசும்போது அதில் ஒரு குற்றமும் இல்லை, அது நம்ம ஊர்ப் பேச்சு. ஆனால் எஸ்.பி.எம். கட்டுரையிலும், முயெட் தேர்விலும், வேலை நேர்காணலிலும், கோயில் கடிதத்திலும் "ஐ ஹேவ் ஈட்டன்" என்ற வடிவம்தான் செல்லும்.

2. முன்னால் வரும் சொல், பின்னால் ஒட்டும் உருபு

தமிழில் "ஈப்போவில்", "1957லிருந்து", "பத்து வருஷமாக" என்று உருபைச் சொல்லின் வாலில் ஒட்டுகிறோம். ஆங்கிலம் அதே வேலைக்குத் தனிச் சொல்லை முன்னால் வைக்கிறது: "இன்", "சின்ஸ்", "ஃபார்". இவைதான் பிரப்பொசிஷன். பின்வரும் பெயரோடு சேர்ந்தால் அது ஒரு பிரப்பொசிஷன் தொடர்.

காலத்தைச் சொல்லும் நான்கை மட்டும் நன்றாகப் பிடித்துக்கொண்டால் பாதிப் பாடம் முடிந்தது.

ஃபார்: "ஆக". எவ்வளவு நேரமாக? பத்து வருஷமாக, மூன்று மாதமாக. மலாயில் "செலாமா".
சின்ஸ்: "இலிருந்து". எப்போதிலிருந்து? 1957லிருந்து, தைப்பூசத்திலிருந்து. மலாயில் "செஜாக்".
பை: "க்குள்". எதற்குள்? தீபாவளிக்குள், டிசம்பருக்குள்.
அன்டில்: "வரை". எதுவரை? தீபாவளி வரை, மத்தியானம் வரை. மலாயில் "சம்பாய்", "ஹிங்கா".

இங்கே தமிழ் உங்களுக்குத் துணை. வாக்கியத்தை முதலில் மனத்துக்குள் தமிழில் சொல்லிப் பாருங்கள். "ஆக" வந்தால் ஃபார், "இலிருந்து" வந்தால் சின்ஸ். "பத்து வருஷமா" என்று சொல்லிவிட்டு "சின்ஸ் டென் இயர்ஸ்" என்று எழுதுகிறவர் தன் தாய்மொழியைக் கவனிக்கவில்லை என்றுதான் அர்த்தம். உருபுக்குத் தமிழை நம்பலாம். வினைக்குத்தான் நம்பக் கூடாது, அங்கே "ஹேவ்" போட வேண்டும்.

"செஜாக் செப்புலோ தாஹுன் லாலு" என்ற மலாய் வழக்கைப் பார்த்து "சின்ஸ் டென் இயர்ஸ் அகோ" என்று எழுதுவோரும் உண்டு. அதைத் தவிர்த்துவிடுங்கள். "ஃபார் டென் இயர்ஸ்" என்றால் வேலை முடிந்தது.

நம்ம ஊர் உதாரணங்கள்:

ஈப்போ ஹேஸ் பீன் எ சிட்டி சின்ஸ் 1988. ஈப்போ 1988ஆம் ஆண்டு மே 27இல் மாநகரானது, இன்றும் மாநகர்.

தி கோ-ஆபரேட்டிவ் ஹேஸ் சர்வ்ட் இட்ஸ் மெம்பர்ஸ் சின்ஸ் 1960. தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், தொழிலாளர்களே சேர்ந்து தோட்டம் வாங்கட்டும் என்று சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைப் பற்றிய வாக்கியம் இது.

3. முடிந்துபோன காலத்துக்குக் கதவைச் சாத்துங்கள்

பிரசன்ட் பெர்ஃபெக்ட்டில் "பிரசன்ட்" என்ற சொல் சும்மா இல்லை. வாக்கியம் இன்றைக்கு வந்து சேர வேண்டும். அதனால் முழுசாக முடிந்துபோன ஒரு தேதியை அதோடு வைக்க முடியாது. "இன் 1948", "ஆன் மண்டே", "அட் ஃபைவ் ஓ'க்ளாக்", "டென் இயர்ஸ் அகோ" இவற்றோடு சாதாரண இறந்தகாலம்தான் வரும்.

தவறு: ரப்பர் ஹேஸ் பீன் பிளான்ட்டட் இன் குவால கங்சார் இன் 1877.
சரி: ரப்பர் வாஸ் பிளான்ட்டட் இன் குவால கங்சார் இன் 1877.

ஒரே வாக்கியத்தில் "இன்" இரண்டு தடவை வந்திருப்பதைக் கவனித்தீர்களா? "இன் குவால கங்சார்" இடம், "இன் 1877" காலம். பெர்ஃபெக்ட்டைத் தடுப்பது காலத்தைச் சொல்லும் "இன்" மட்டுமே. இடத்தைச் சொல்லும் "இன்" எதையும் தடுக்காது. "ஐ ஹேவ் ஒர்க்ட் இன் குவால கங்சார்" நல்ல ஆங்கிலம்.

இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. காலத்தைச் சொல்லும் "இன்" எல்லாமே எதிரி அல்ல.

இன் தி லாஸ்ட் தர்ட்டி இயர்ஸ், மெனி ஃபேமிலீஸ் ஹேவ் லெஃப்ட் தி எஸ்டேட்ஸ்.

"கடந்த முப்பது வருஷத்தில்" என்ற காலம் இன்றைக்கு வந்து முடிகிறது. அதனால் பெர்ஃபெக்ட் பொருந்துகிறது. "ஓவர் தி பாஸ்ட் டிகேட்" என்பதும் இப்படியே. ஆகவே "இன்" என்ற சொல்லைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அது காட்டும் காலம் இன்றைத் தொடுகிறதா என்று பாருங்கள். தொட்டால் ஹேவ், தொடாவிட்டால் இறந்தகாலம்.

எதிர்மறை வாக்கியத்தில் "இன்" இன்னொரு வேஷம் போடும். "ஐ ஹேவ்ன்ட் சீன் ஹிம் இன் இயர்ஸ்" என்றால் "அவனைப் பார்த்துப் பல வருஷமாச்சு". "ஃபார் இயர்ஸ்" என்றாலும் அதே பொருள். ஆனால் இல்லை என்று சொல்லாத சாதாரண வாக்கியத்தில் இது வராது: "ஐ ஹேவ் நோன் ஹிம் இன் இயர்ஸ்" தவறு, "ஃபார் இயர்ஸ்" என்றே வர வேண்டும்.

4. புள்ளி வினையும் நீட்டு வினையும்

சில செயல்கள் ஒரு நொடியில் நடந்து முடியும்: சாவது, மூடுவது, சேர்வது, கிளம்புவது. இவற்றைப் புள்ளி வினை என்போம். சில செயல்கள் நீளும்: வாழ்வது, இருப்பது, வேலை செய்வது, தெரிந்திருப்பது. இவற்றை நீட்டு வினை என்போம். "ஃபார் டென் இயர்ஸ்" போன்ற நீளமான தொடர் நீட்டு வினையோடுதான் ஒட்டும்.

"தாத்தா இறந்து அஞ்சு வருஷமாச்சு." இதை "மை கிராண்ட்ஃபாதர் ஹேஸ் டைட் ஃபார் ஃபைவ் இயர்ஸ்" என்று எழுதினால், தாத்தா ஐந்து வருஷமாகச் செத்துக்கொண்டே இருக்கிறார் என்பது போல் விபரீதமாகிவிடும். "மை கிராண்ட்ஃபாதர் டைட் ஃபைவ் இயர்ஸ் அகோ" என்று எழுதுங்கள்.

"பள்ளிக்கூடம் மூடி எட்டு வருஷமாச்சு": தி ஸ்கூல் ஹேஸ் பீன் க்ளோஸ்ட் ஃபார் எய்ட் இயர்ஸ். இங்கே "பீன்" இல்லாமல் "ஹேஸ் க்ளோஸ்ட் ஃபார் எய்ட் இயர்ஸ்" என்று எழுதக் கூடாது. மூடியது ஒரு நாள் வேலை, மூடிக் கிடப்பதுதான் எட்டு வருஷம்.

"இயக்கத்தில் சேர்ந்து மூணு வருஷமாச்சு": ஐ ஹேவ் பீன் எ மெம்பர் ஃபார் த்ரீ இயர்ஸ். "ஐ ஹேவ் ஜாயின்ட் ஃபார் த்ரீ இயர்ஸ்" அல்ல. சுயவிவரக் குறிப்பிலும் நேர்காணலிலும் இந்தப் பிழை அடிக்கடி வரும், குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

"அவங்களுக்குக் கல்யாணம் ஆகி நாற்பது வருஷம்": தே ஹேவ் பீன் மேரிட் ஃபார் ஃபார்ட்டி இயர்ஸ். யாரோடு என்று சொல்ல வேண்டுமானால் "மேரிட் டு". தமிழில் "ஓடு" வருவதால் "மேரிட் வித்" என்று எழுதக் கை போகும், கையைப் பிடித்து நிறுத்துங்கள்.

5. போயிருக்கான், போயிட்டு வந்திருக்கான்

அண்ணன் சிங்கப்பூருக்குப் போயிருக்கிறான், இன்னும் திரும்பவில்லை: ஹி ஹேஸ் கான் டு சிங்கப்பூர்.
அண்ணன் சிங்கப்பூருக்குப் போயிட்டு வந்திருக்கிறான், இப்போது வீட்டில்தான்: ஹி ஹேஸ் பீன் டு சிங்கப்பூர்.
அண்ணன் போன வருஷத்திலிருந்து சிங்கப்பூரிலேயே இருக்கிறான்: ஹி ஹேஸ் பீன் இன் சிங்கப்பூர் சின்ஸ் லாஸ்ட் இயர்.

மூன்றும் மூன்று கதை. முதல் இரண்டிலும் பிரப்பொசிஷன் "டு" தான், வினையை மாற்றினால் ஆள் இருக்கும் இடமே மாறுகிறது. கடைசி இரண்டிலும் வினை "பீன்" தான், பிரப்பொசிஷனை மாற்றினால் போய் வந்தவன் அங்கேயே தங்கியவனாகிறான். அதனால்தான் வினையையும் பிரப்பொசிஷனையும் தனித்தனியாகப் படிக்காமல் ஜோடியாகப் படிக்க வேண்டும் என்கிறோம்.

"நீங்க கல்லுமலை கோயிலுக்குப் போயிருக்கீங்களா?" என்று வெளியூர்க்காரரைக் கேட்க வேண்டுமா? "ஹேவ் யூ பீன் டு தி கல்லுமலை டெம்பல்?" என்று கேளுங்கள். எதிரில் நிற்கிற ஆளை "ஹேவ் யூ கான் டு" என்று கேட்பது பொருந்தாது. அவர்தான் இங்கே நிற்கிறாரே!

6. பை, அன்டில், ஹேட்

இதுவரை இன்றைக்கு வந்து சேரும் காலத்தைப் பார்த்தோம். இனி, பழைய நாள் ஒன்றில் நின்றுகொண்டு அதற்கும் முந்தியதைத் திரும்பிப் பார்ப்போம். அப்போது "ஹேவ்" போய் "ஹேட்" வரும்.

1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட் பகுதித் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து மலாயா முழுவதும் அவசரகாலம் பிரகடனமானது. அது 1960 ஜூலை 31 அன்று முடிவுக்கு வந்தது. நடுவில் 1957இல் சுதந்திரம் கிடைத்துவிட்டது. இந்தக் கடைசி இரண்டையும் ஒரே வாக்கியத்தில் இப்படிக் கோக்கலாம்:

பை தி டைம் தி எமர்ஜென்சி எண்டட் இன் 1960, மலாயா ஹேட் பீன் இண்டிபெண்டன்ட் ஃபார் ஆல்மோஸ்ட் த்ரீ இயர்ஸ்.

"1960இல் அவசரகாலம் முடிந்தபோது மலாயா சுதந்திரம் பெற்று ஏறக்குறைய மூன்று வருஷம் ஆகியிருந்தது." "ஆகியிருந்தது" என்பதில் உள்ள "இருந்தது"தான் ஆங்கிலத்து "ஹேட்". "இன் 1960" முடிந்துபோன தேதி, அது "எண்டட்" என்ற இறந்தகால வினையோடு போகிறது. "ஃபார் ஆல்மோஸ்ட் த்ரீ இயர்ஸ்" நீளும் காலம், அது "ஹேட் பீன்" என்பதோடு போகிறது. எந்தத் தொடர் எந்த வினைக்குச் சொந்தம் என்று பிரித்துப் பார்த்துவிட்டால் எவ்வளவு நீள வாக்கியமும் பயமுறுத்தாது.

இன்னொன்று, பத்து காஜா பக்கம் உள்ள கெல்லி கோட்டை. தோட்ட முதலாளி வில்லியம் கெல்லி ஸ்மித் 1926இல் லிஸ்பனில் இறந்துபோனார். வீடு கட்டி முடியவில்லை.

வென் கெல்லி ஸ்மித் டைட் இன் 1926, தி ஹவுஸ் ஹேட் நாட் பீன் ஃபினிஷ்ட்.
தி ஹவுஸ் ஹேஸ் ஸ்டுட் அன்ஃபினிஷ்ட் சின்ஸ் தென்.

முதல் வாக்கியம் 1926இல் நிற்கிறது, அதனால் "ஹேட்". இரண்டாவது இன்றைக்கு வருகிறது, அதனால் "ஹேஸ்". அந்த வீட்டுக்குப் பக்கத்தில் தொழிலாளர்களுக்காகக் கட்டிய மாரியம்மன் கோயில் இருப்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதைப் பற்றி நீங்களே ஒரு "ஹேஸ்" வாக்கியம் எழுதிப் பாருங்கள்.

வரப்போகிற நாளுக்கு "வில் ஹேவ்": பை தைப்பூசம், வி வில் ஹேவ் ஃபினிஷ்ட் தி ரூஃப். "தைப்பூசத்துக்குள் கூரை வேலையை முடிச்சிருப்போம்." இங்கே "பை" என்பதற்குப் பதில் "அன்டில் தைப்பூசம்" என்று எழுதிவிட்டால் பொருளே கெட்டுப்போகும். "பை" கெடுவைச் சொல்கிறது, அதற்குள் வேலை முடியும். "அன்டில்" நீட்டத்தைச் சொல்கிறது, அதுவரை வேலை தொடரும்: வி வில் ஒர்க் ஆன் தி ரூஃப் அன்டில் தைப்பூசம். நன்கொடை கேட்கும் கடிதத்தில் இந்த இரண்டும் மாறிவிட்டால், கொடுப்பவர் எப்போது வேலை முடியும் என்று தெரியாமல் குழம்புவார்.

7. தொடரை எங்கே வைப்பது?

ஐ லிவ்ட் இன் தி எஸ்டேட் ஃபார் டுவென்ட்டி இயர்ஸ். இருபது வருஷம் இருந்தேன், இப்போது இல்லை.

ஐ ஹேவ் லிவ்ட் இன் தி எஸ்டேட் ஃபார் டுவென்ட்டி இயர்ஸ். இருபது வருஷமாக இருக்கிறேன், இன்னும் இருக்கிறேன் என்பதே வழக்கமான பொருள். ஆனால் "என் வாழ்க்கையில் எப்போதோ இருபது வருஷம் அங்கே இருந்த அனுபவம் உண்டு" என்றும் சில சந்தர்ப்பங்களில் படிக்க இடமுண்டு.

ஃபார் டுவென்ட்டி இயர்ஸ், ஐ ஹேவ் லிவ்ட் இன் தி எஸ்டேட். தொடரை முன்னால் கொண்டுவந்ததும் இரண்டாவது பொருளுக்கு இடமில்லை. இன்று வரையிலான இருபது வருஷம் என்பது உறுதியாகிறது.

லயத்து வீட்டில் இன்னும் குடியிருக்கிற ஒரு பெரியவருக்காக நீங்கள் மனு எழுதினால், "லிவ்ட்" என்று எழுதுவதா, "ஹேவ் லிவ்ட்" என்று எழுதுவதா என்பது சின்ன விஷயம் இல்லை. "லிவ்ட்" என்று எழுதினால், அவர் எப்போதோ வெளியேறிவிட்டார் என்று உங்கள் கையாலேயே எழுதிக் கொடுத்தது போல் ஆகிவிடும். சந்தேகமே வேண்டாம் என்றால் "ஸ்டில்" சேர்த்து இன்னொரு வாக்கியம் போடுங்கள்: ஹி ஸ்டில் லிவ்ஸ் தேர்.

8. வினையோடு ஒட்டிப் பிறந்த பிரப்பொசிஷன்

சில வினைகளுக்குப் பிரப்பொசிஷன் உடன்பிறப்பு. வாக்கியம் எப்படிப் புரண்டாலும் அதைக் கழற்றிவிடக் கூடாது.

த்ரீ ஜெனரேஷன்ஸ் ஹேவ் லுக்ட் ஆஃப்டர் திஸ் டெம்பல். மூன்று தலைமுறை இந்தக் கோயிலைப் பராமரித்து வருகிறது.
திஸ் டெம்பல் ஹேஸ் பீன் லுக்ட் ஆஃப்டர் பை த்ரீ ஜெனரேஷன்ஸ்.

இரண்டாவதில் "ஆஃப்டர் பை" என்று இரண்டு பிரப்பொசிஷன் அடுத்தடுத்து நிற்பதைப் பார்த்துப் பயந்து ஒன்றை வெட்டிவிடாதீர்கள். "ஆஃப்டர்" வினையின் பங்கு, "பை" செய்தவரைக் காட்டும் "ஆல்". 6ஆம் பகுதியில் பார்த்த "க்குள்" என்ற பொருளுடைய "பை" வேறு, இது வேறு. பின்னால் நாளோ நேரமோ வந்தால் "க்குள்", ஆள் வந்தால் "ஆல்". ஆள் மட்டுமல்ல, பொருளும் வரலாம்: ரப்பர் ஹேஸ் பீன் ரிபிளேஸ்ட் பை ஆயில் பாம் ஆன் மெனி எஸ்டேட்ஸ்.

9. தெரியாத தேதியை எப்படி எழுதுவது?

கோயில் எந்த வருஷம் கட்டியது என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. "ஜப்பான்காரன் வர்றதுக்கு முன்னாடியே இருந்துச்சு" என்று பாட்டி சொல்கிறார். அதற்காக, எழுத அழகாக இருக்கும் என்று ஒரு வருஷத்தை நாமே இட்டுக்கட்டக் கூடாது. கோயிலுக்காக எழுதும் கடிதத்திலேயே பொய் கலந்தால் அது தர்மமா? தவிர, எதிர்த்தரப்பு அந்த ஒரு தேதியை உடைத்துவிட்டால் மற்ற உண்மைகளும் எடுபடாது.

ஆங்கிலமே இதற்கு நேர்மையான வழி வைத்திருக்கிறது. "சின்ஸ்" பின்னால் இன்னொரு பிரப்பொசிஷன் தொடரையே வைக்கலாம்:

தி டெம்பல் ஹேஸ் பீன் ஹியர் சின்ஸ் பிஃபோர் தி வார். போருக்கு முன்பிருந்தே.
சின்ஸ் அட் லீஸ்ட் தி 1950ஸ். குறைந்தது 1950களிலிருந்து.
ஃபார் மோர் தேன் சிக்ஸ்ட்டி இயர்ஸ். அறுபது வருஷத்துக்கும் மேலாக.

பாட்டி சொன்னதை அப்படியே, கூட்டாமல் குறைக்காமல் எழுத இவை போதும். பழைய திருவிழா நோட்டீஸ், கல்யாணப் படம், பள்ளிப் பதிவு ஏதாவது கிடைத்தால் அதிலுள்ள வருஷத்தை "அட் லீஸ்ட்" போட்டு எழுதலாம்.

இப்போது எல்லாவற்றையும் சேர்த்து ஒரு மாதிரி:

அவர் டெம்பல் ஹேஸ் ஸ்டுட் ஆன் திஸ் லேண்ட் சின்ஸ் பிஃபோர் தி வார். இட் வாஸ் பில்ட் பை தி ஒர்க்கர்ஸ் ஆஃப் தி எஸ்டேட். த்ரீ ஜெனரேஷன்ஸ் ஹேவ் லுக்ட் ஆஃப்டர் இட். இன் தி லாஸ்ட் டுவென்ட்டி இயர்ஸ், மோஸ்ட் ஃபேமிலீஸ் ஹேவ் மூவ்ட் டு தி டவுன், பட் தே ஹேவ் கம் பேக் ஃபார் தி ஃபெஸ்டிவல் எவ்ரி இயர். வி ஹோப் டு மீட் யூ பிஃபோர் எனி டிசிஷன் ஈஸ் மேட்.

ஐந்தே வாக்கியம். இரண்டாவதில் மட்டும் இறந்தகாலம், ஏனென்றால் கட்டியது முடிந்துபோன செயல். கடைசியில் சாதாரண நிகழ்காலம், ஏனென்றால் அது வேண்டுகோள். மற்றவை எல்லாம் ஹேஸ், ஹேவ், ஏனென்றால் அந்தக் கதை இன்னும் முடியவில்லை.

பயிற்சி

கீழே உள்ளவற்றை ஆங்கிலத்தில் எழுதுங்கள். விடையை மறைத்து வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

1. பாட்டி 1974லிருந்து புந்தோங்கில் இருக்கிறார்.
2. தாத்தா முப்பது வருஷம் மரம் வெட்டினார், இப்போது ஓய்வில் இருக்கிறார்.
3. சித்தப்பா மூணு தடவை கெல்லி கோட்டைக்குப் போயிட்டு வந்திருக்கார்.
4. அக்கா பினாங்குக்குப் போயிருக்காங்க, இன்னும் வரலை.
5. அந்த ஆலை மூடி ஆறு வருஷமாச்சு.
6. அடுத்த டிசம்பருக்குள் நான் படிப்பை முடிச்சிருப்பேன்.
7. நேத்து ராத்திரி நள்ளிரவு வரை கோயிலில் இருந்தோம்.
8. நான் இரண்டு வருஷமா இந்தத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன்.

விடைகள்

1. மை கிராண்ட்மதர் ஹேஸ் லிவ்ட் இன் புந்தோங் சின்ஸ் 1974.
2. மை கிராண்ட்ஃபாதர் டேப்ட் ரப்பர் ஃபார் தர்ட்டி இயர்ஸ். ஹி ஈஸ் ரிடையர்ட் நௌ. "ஃபார்" வந்தாலே "ஹேவ்" வர வேண்டும் என்பதில்லை. முடிந்த காலத்தோடும் "ஃபார்" வரும்.
3. மை அங்கிள் ஹேஸ் பீன் டு கெல்லிஸ் காசில் த்ரீ டைம்ஸ்.
4. மை சிஸ்டர் ஹேஸ் கான் டு பினாங்.
5. தி ஃபேக்டரி ஹேஸ் பீன் க்ளோஸ்ட் ஃபார் சிக்ஸ் இயர்ஸ்.
6. பை நெக்ஸ்ட் டிசம்பர், ஐ வில் ஹேவ் ஃபினிஷ்ட் மை ஸ்டடீஸ்.
7. வி வேர் அட் தி டெம்பல் அன்டில் மிட்நைட் லாஸ்ட் நைட்.
8. ஐ ஹேவ் பீன் ஒர்க்கிங் இன் திஸ் ஃபேக்டரி ஃபார் டூ இயர்ஸ். வேலை இப்போதும் நடந்துகொண்டிருப்பதால் "பீன் ஒர்க்கிங்" என்பது பொருத்தம். "ஹேவ் ஒர்க்ட்" என்றாலும் தவறில்லை.

ஆறுக்கு மேல் சரியாக வந்தால் நன்று. அதற்குக் குறைந்தால் 2, 3, 4ஆம் பகுதிகளை இன்னொரு தடவை படியுங்கள், போதும்.

வீட்டுப்பாடம் ஒன்று. இந்த வாரம் வீட்டில் மூத்தவர் ஒருவரோடு உட்காருங்கள். எந்தத் தோட்டம், எந்த லயம், எந்த வருஷம் வெளியே வந்தார்கள், கோயிலில் யார் பூசை செய்தார், பள்ளிக்கூடம் எங்கே இருந்தது என்று கேளுங்கள். அவர் சொல்வதைத் தமிழில் எழுதிக்கொண்டு, பிறகு பத்து வாக்கியத்தில் ஆங்கிலத்தில் எழுதுங்கள். முடிந்த செயலுக்கு இறந்தகாலம், இன்றும் தொடர்வதற்கு ஹேஸ், ஹேவ். எழுதியதை நம்ம கிளைக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள், ஒன்றாக உட்கார்ந்து திருத்துவோம். கடிதம் தேவைப்படும் நாளில் அந்தப் பெரியவர் இருப்பாரோ இல்லையோ, அவர் சொன்னது உங்கள் கையில் தயாராக இருக்கட்டும்.